கொழும்பில் கத்தி, திருகோணமலையில் தேறுதல்: வயிற்றுச் சீரமைப்புச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும்

வயிற்றில் கத்தி பட்ட ஒரு பெண் எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்? வயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டுமா, காற்றாட விட வேண்டுமா? மீன் உண்ணலாமா, விலக்க வேண்டுமா? திருகோணமலை நகரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இக்கேள்விகளுக்கு விடை சொல்ல ஆளில்லாத வீடு இல்லை. ஆனால் அந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. மருத்துவிச்சி காலத்திலிருந்து வருகிற விடை ஒன்று. சீசர் பிரசவம் முடிந்து துண்டு வெட்டும்போது விடுதித் தாதி சொல்லியனுப்புகிற விடை இன்னொன்று. ரொறன்ரோவிலிருந்து மச்சாள் தொலைபேசியில் சொல்வது மூன்றாவது. பிள்ளைப்பேற்றை ஒட்டியே கேட்கப்பட்டுவந்த இந்தப் பழைய கேள்விகளை, 'டம்மி டக்' என்று பரவலாக அறியப்படும் வயிற்றுச் சீரமைப்புச் சத்திரசிகிச்சை இப்போது புதிதாகக் கிளப்பியிருக்கிறது.

சத்திரசிகிச்சை இதுதான். அடிவயிற்றில் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மற்ற இடுப்பெலும்பு வரை கீறி, தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் விலா எலும்பு வரை பிரித்து உயர்த்துவார்கள். கர்ப்பத்தில் நடுவே விலகிப்போன வயிற்றுத் தசைகளை மேலிருந்து கீழாகத் தைத்து ஒன்றுசேர்ப்பார்கள். மிஞ்சிய தோலை வெட்டி எடுத்து, தொப்புளுக்குப் புதிய வாசல் வைத்து மூடுவார்கள். முழு மயக்கத்தில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரை எடுக்கும். உலகெங்கும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் நடப்பதாக அழகியல் சத்திரசிகிச்சை நிபுணர்களின் சர்வதேசச் சங்கத்தின் அண்மைக் கணக்குகள் காட்டுகின்றன. அழகியல் நோக்கில் செய்யப்படும்போது இது இலங்கையின் இலவச அரச சேவைக்குள் வருவதில்லை. திருகோணமலைப் பெண்ணுக்குப் பெரும்பாலும் கொழும்பின் தனியார் வைத்தியசாலைதான் போக்கிடம்.

இக்கட்டுரையின் வாதம் இந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. ஆயத்தம், தேறுதல் பற்றிய நூற்றாண்டு விவாதம் ஓய்வா நடையா, கட்டா விடுதலையா, பத்தியமா உணவா என்ற இருமைகளிலேயே சுற்றிவந்திருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு இப்போது ஓரளவு தெளிவான விடை உண்டு. அந்த விடைகள் எல்லாமே சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் பக்கத்தில் இருக்கிறார் என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை. அவரிடமிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தொலைவில், கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் எல்லாம் தாண்டித் தேற வேண்டிய ஒருத்திக்கு அதே அறிவுரையை அப்படியே கொடுப்பது போதாது.

கத்தி தேவையா என்ற முதற் கேள்வி

ஆயத்தத்தின் முதற்படி, இந்தச் சத்திரசிகிச்சை எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது என்று பிரித்தறிவது. பிள்ளை பெற்ற வயிறு தானாகவே கணிசமாகச் சுருங்கும். முதற்பிள்ளை பெற்ற 300 தாய்மாரை நோர்வேயில் பின்தொடர்ந்து 2016 இல் வெளியான ஆய்வில், ஆறு வாரத்தில் 60 சதவீதத்தினருக்கு வயிற்றுத் தசை விலகியிருந்தது. ஓராண்டில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆகவே பிள்ளை பிறந்த சில மாதங்களில் கண்ணாடியைப் பார்த்து முடிவெடுப்பது அவசரம் என்று பயிற்சியை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ஓராண்டு கடந்தும் விலகியே நிற்கும் தசையைப் பயிற்சி எவ்வளவுக்கு நெருக்குகிறது என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபடவில்லை. தொங்கும் தோலைப் பயிற்சி உள்ளிழுக்காது என்பதில் மட்டும் தகராறு இல்லை.

சத்திரசிகிச்சை ஆதரவாளர்கள் அழகைத் தாண்டியும் பயன் உண்டு என்கிறார்கள். 214 பெண்களைப் பின்தொடர்ந்து 2018 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு, முதுகுவலியும் இருமும்போது சிறுநீர் கசிவதும் ஆறு மாதத்தில் குறைந்ததாகக் கண்டது. அதன் பலவீனம் வெளிப்படையானது. சத்திரசிகிச்சை செய்யாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. பெருந்தொகை செலவழித்து வலி தாங்கியவர்கள் பயன் கிடைத்ததாகவே உணர விரும்புவார்கள். இரு தரப்பும் ஒப்புக்கொள்கிற விடயங்கள் வேறு உண்டு. இது உடல் மெலிவதற்கான வழி அல்ல. எடை சில மாதங்களாவது நிலையாக நின்ற பிறகே செய்ய வேண்டும். இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் தள்ளிப்போட வேண்டும். கடைசியாகச் சொன்னதை முடிவுசெய்வது பல வீடுகளில் அவள் மட்டும் அல்ல என்பதால், கலந்தாலோசனைக்குக் கணவரும் போவது நல்லது.

ஓய்வின் கதை

அறிவியல் மருத்துவம் எப்போதும் நடையை வற்புறுத்தியது போலவும், நம் பாட்டிமார்தான் பெண்களைப் பாயில் கிடத்தியது போலவும் ஒரு பேச்சு உண்டு. வரலாறு அப்படி இல்லை. 1863 இல் லண்டன் சத்திரசிகிச்சையாளர் ஜோன் ஹில்ரன் ஓய்வையே பெருமருந்தாக்கி ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த மூன்று தலைமுறை வைத்தியர்கள் அதன் செல்வாக்கிலேயே இருந்தார்கள். வயிறு திறக்கப்பட்டவர் இரண்டு மூன்று வாரம் படுக்கையை விட்டு இறங்கக்கூடாது என்பது மேலைநாட்டு வைத்தியசாலைகளின் சட்டமாகவே இருந்தது. 1899 ஆம் ஆண்டு இதில் சுவையான ஆண்டு. ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் ஹவார்ட் கெலி ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து 7,450 கிராம் தோலும் கொழுப்பும் அகற்றியதை அறிவித்தது அந்த ஆண்டில்தான். இன்றைய டம்மி டக்கின் முன்னோடிகளில் அது ஒன்று. அதே ஆண்டில் சிக்காகோவில் எமில் றீஸ், வயிற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களை ஓரிரு நாளில் எழுப்பி நடக்கவிட்டு, வழக்கமான உணவும் கொடுத்ததாக எழுதினார். கெலியின் கத்தியை உலகம் எடுத்துக்கொண்டது. றீஸின் நடையை நாற்பது ஆண்டுகள் கண்டுகொள்ளவில்லை.

அதை மாற்றியதில் டெற்றோயிற்றின் டானியல் லைதாவுசரின் பணிக்கும் இரண்டாம் உலகப்போரின் கட்டில் தட்டுப்பாட்டுக்கும் பங்குண்டு. காயப்பட்டவர்களை விரைவில் எழுப்ப வேண்டியிருந்தது. எழுப்பப்பட்டவர்கள் மோசமாகவில்லை, பலர் விரைவாகவே தேறினார்கள். 1990களில் டென்மார்க்கின் ஹென்றிக் கெலெற், வலிநீக்கம், முன்கூட்டிய உணவு, அன்றே நடை என்பவற்றை ஒரே திட்டமாக இணைத்தார். இன்று வயிற்றுச் சீரமைப்புக்குப் பின்னும் அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுந்து நடக்க வைப்பதே பெரும்பான்மை வழக்கம். தையல் இழுபடாதிருக்க முதல் வாரம் இடுப்பை வளைத்துக் குனிந்து நடப்பார்கள். உறங்கும்போது முதுகுக்கும் முழங்காலுக்கும் கீழ் தலையணை வைத்துக்கொள்வார்கள்.

நம் வழக்கத்தையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். சைவ வீடுகளின் 31 நாள் துடக்கும் முஸ்லிம் வீடுகளின் 40 நாளும் படுக்கை ஓய்வு அல்ல. அந்த நாட்களில் பெண் எழுகிறாள், குளிக்கிறாள், அறைக்குள் நடக்கிறாள். விலக்கப்பட்டவை கிணற்றடி வேலையும் அடுப்படியும் பாரம் தூக்குவதும் வெளிப்பயணமும். வயிற்றுத் தசை தைக்கப்பட்டவர் ஏறக்குறைய ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது என்று இன்றைய நிபுணர் சொல்லும்போது, நாற்பது நாள் வழக்கத்துக்கு மிக நெருக்கமான ஒன்றையே சொல்கிறார். வேறுபாடு மனித வலுவில் இருக்கிறது. பிள்ளை பெற்றவளைச் சுற்றி அம்மா, மாமி, பெரியம்மா என்று ஆட்கள் வருவார்கள். விரும்பிச் செய்த சத்திரசிகிச்சைக்கு அந்தப் படை திரளுவதில்லை. பலர் அதை அயலுக்குச் சொல்வதுமில்லை. விளைவாக, மூன்றாம் வாரத்தில் 12.5 கிலோ எரிவாயு நிரம்பிய சிலிண்டரை நகர்த்துவதும் அவளே, அழும் மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்குவதும் அவளே. ஆயத்தப் பட்டியலில் இரத்தப் பரிசோதனைக்கு முன்னால் எழுத வேண்டியது, ஆறு வாரம் இந்த வீட்டில் யார் தூக்குவார் என்பதுதான்.

கட்டும் அதன் நியாயமும்

பழைய பருத்திச் சீலையை நீளமாகக் கிழித்து, அடிவயிற்றிலிருந்து மேல்நோக்கி இறுக்கிச் சுற்றும் வழக்கம் கிழக்கு மாகாணத்தில் இன்னும் வாழ்கிறது. டம்மி டக்குக்குப் பின் அணியச் சொல்லும் இறுக்க உடுப்பைப் பார்க்கும் பெரியவர்கள், 'நாங்கள் சொன்னதுதானே' என்று சிரிப்பதில் வியப்பில்லை. ஆனால் இரண்டும் எதற்காக என்று கேட்டால் விடை குழம்புகிறது. சீலைக்கட்டு வயிற்றை உள்ளே தள்ளும், கர்ப்பப்பையை இடத்துக்குக் கொண்டுவரும் என்பது மரபின் நியாயம். இறுக்க உடுப்பு வீக்கத்தைக் குறைக்கும், தோலுக்கும் தசைக்கும் இடையில் நீர் சேர்வதைத் தடுக்கும் என்பது வைத்தியர்களின் நியாயம். இரண்டுக்கும் எதிர்பார்க்கும் அளவுக்குச் சான்று இல்லை. வயிற்றைத் திறந்த சத்திரசிகிச்சைகளுக்குப் பின் கட்டு அணிந்தவர்களுக்கு வலி சற்றுக் குறைந்து நடை எளிதானதாகச் சில சோதனைகள் காட்டுகின்றன. நீர் சேர்வதை அது தடுக்கிறது என்பது நிறுவப்படவில்லை.

மறுபக்கத்தில் ஒரு கவலையும் உண்டு. தசையைத் தைத்து நெருக்கும்போதே வயிற்றினுள் அழுத்தம் கூடுகிறது. மேலே கட்டும் ஏறினால் இன்னும் கூடும். தொடையிலிருந்து மேலேறும் நாளங்களில் இரத்த ஓட்டம் மந்தமாவதை 2015 இல் வெளியான பிரேசில் ஆய்வொன்று அளந்து காட்டியது. அதனால் இரத்தக்கட்டி கூடும் என்று அது நிறுவிவிடவில்லை. ஆனாலும் 'இறுக இறுக நல்லது' என்ற எண்ணத்துக்கு அது போதிய எச்சரிக்கை. இரண்டு விரல் நுழைய இடம் விட்டுக் கட்டுவது மூச்சுமுட்டக் கட்டுவதைவிடப் பாதுகாப்பானது. திருகோணமலையில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. கச்சான் காற்று வீசும் மே முதல் ஓகஸ்ட் வரையான வெக்கையில், நைலோன் உடுப்புக்குள் நாள் முழுதும் வியர்த்து, தண்ணீரும் குறைவாகக் குடிக்கும் உடலில் இரத்தம் தடிக்கும். காயத்தைச் சுற்றிய தோல் ஊறிப் புண்ணாகும். நாளை நாமே தெரிவுசெய்யக்கூடிய சத்திரசிகிச்சை இது. அந்த மாதங்களைத் தவிர்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

கட்டைப் போலவே வீட்டில் உடனே கைகொடுக்க வருவது ஒத்தணம். இங்கே சமரசத்துக்கு இடமில்லை. தோலை உயர்த்தும்போது உணர்வு நரம்புகள் அறுபடுகின்றன. தொப்புளுக்குக் கீழ்ப் பகுதி பல மாதங்களுக்கு மரத்திருக்கும். நொச்சியிலை போட்டுக் காய்ச்சிய நீரில் நனைத்த துணி சுடுகிறதா என்று அந்தத் தோலுக்குத் தெரியாது. வைத்தவரின் கைக்கு இதமான சூடு, இரத்த ஓட்டம் குறைந்த மரத்த தோலைக் கொப்புளமாக்கிவிடும். வெந்நீர்ப் போத்தலால் இப்படி நேர்ந்த தீக்காயங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் நிலாவெளிக் கடலும் காயம் முற்றாக மூடும்வரை காத்திருக்கட்டும்.

வாய்க்குள் போவதும் போகாததும்

நள்ளிரவுக்குப் பின் தண்ணீரும் கூடாது என்ற விதி இன்னும் பல விடுதிகளில் வேதவாக்கு. அதன் வேர் 1946 இல் நியூயோர்க்கின் கேர்ட்டிஸ் மென்டெல்சன் எழுதிய கட்டுரை. 44,016 கர்ப்பங்களில் 66 பேருக்கு மயக்கத்தின்போது இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் போனதை அவர் விவரித்தார். அதில் இறந்த இருவரும் திட உணவு மூச்சுக்குழாயை அடைத்ததால் இறந்தவர்கள். பின்வந்தவர்கள் அந்த வேறுபாட்டை மறந்து திடத்தையும் திரவத்தையும் ஒன்றாகத் தடைசெய்தார்கள். இன்றைய மயக்கமருந்து வழிகாட்டிகள், இலேசான உணவுக்கு ஆறு மணி நேரமும் தெளிந்த பானத்துக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி போதும் என்கின்றன. பிளேன்ரீ தெளிந்த பானம். பால் கலந்துவிட்டால் அது உணவுக் கணக்கு. முதல்நாள் இரவு திருகோணமலையிலிருந்து புறப்பட்டுக் கொழும்பு போய்ச் சேர்பவர், பயணம் முழுதும் தொண்டை வறள உட்கார்ந்து வரத் தேவையில்லை. எனினும் தன் மயக்கமருந்து வைத்தியர் சொல்லும் நேரத்தையே அவர் கடைப்பிடிக்க வேண்டும்.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய பத்தியத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு நம் மரபு பால்சுறாவும் சரக்குக் கறியும் தேடிக் கொடுக்கும். அதே வீடு, வயிற்றில் தையலோடு வருபவளிடம் மீன், இறால், நண்டு, கணவாய் எல்லாம் கிரந்தி, காயம் சீழ்பிடிக்கும் என்று விலக்கும். காயம் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்பது இன்றைய பரிந்துரை. ஒவ்வாமை இல்லாத ஒருவருக்கு மீன் சீழ் உண்டாக்கும் என்பதற்குச் சான்றில்லை. துறைமுகத்தில் காலையில் இறங்கும் சூரையைத் தவிர்த்துவிட்டுச் சோறும் ரசமும் மட்டும் கொடுப்பது அக்கறையின் பெயரால் செய்யும் பட்டினி. மலச்சிக்கல் பற்றிய பாட்டிமாரின் அச்சம் மட்டும் முழுக்கச் சரி. வலிநீக்கி மாத்திரைகள் குடலை மந்தமாக்கும், முக்கினால் தையல் இழுபடும். பப்பாசியும் கீரையும் தண்ணீரும் இங்கே மருந்துக்குச் சமம்.

ஆயத்த நாட்களில் கேட்கப்படும் கேள்விகளிலும் நம் ஊருக்குப் பொருந்தாத இடங்கள் உண்டு. புகைப்பவர்களுக்குக் காயம் ஆறுவதில் சிக்கல் எவ்வளவு கூடும் என்பதை 132 பேரை ஆராய்ந்து 2003 இல் வெளியான ஜேர்மன் ஆய்வு அளந்தது: புகைப்பவர்களில் 47.9 சதவீதம், மற்றவர்களில் 14.8 சதவீதம். ஆகவே நான்கு வாரம் முன்பிருந்தே நிறுத்தச் சொல்கிறார்கள். படிவத்தில் 'புகைப்பீர்களா' என்று இருந்தால் நம் பெண்கள் இல்லை என்றுதான் எழுதுவார்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையை யாரும் கேட்பதில்லை. நாளங்களைச் சுருக்கும் நிக்கொற்றின் அதிலும் இருக்கிறது. இதேபோல், என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்ற கேள்விக்குக் குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை விடையாக வருவதில்லை. அதை ஒரு மருந்தாகவே பலர் எண்ணுவதில்லை. மித்துரி போன்ற ஈஸ்ட்ரஜன் கலந்த மாத்திரைகள் இரத்தக்கட்டி ஆபத்தைக் கூட்டுபவை. பெரிய சத்திரசிகிச்சைக்கு நான்கு வாரம் முன்பே வேறு முறைக்கு மாறுவது பற்றி வைத்தியரோடு கதைக்க வேண்டும். நீரிழிவு பற்றியும் அனுமானம் கூடாது. இலங்கையின் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது இருக்கிறது. பலர் அறியாமலே வாழ்கிறார்கள். 35 வயது கடந்தவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் இலவசமாகவே சீனி அளவைப் பார்த்துக்கொள்ளலாம்.

மூலிகை மருந்துகளில் நிலைமை இன்னும் தெளியவில்லை. இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடிய பூண்டு, இஞ்சி மாத்திரைகளை இரண்டு வாரம் முன் நிறுத்தச் சொல்வது பொதுவான முன்னெச்சரிக்கை. கறியில் போடும் அளவுக்கு அது பொருந்தாது. சித்த மருந்துச் சூரணங்களும் செந்தூரங்களும் மயக்கமருந்தோடு எப்படி நடந்துகொள்ளும் என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ள அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

மூன்றாவது வாரம்

இதுவரை பார்த்தவை அசௌகரியமும் தழும்பும் பற்றியவை. உயிர் பற்றிய கேள்வி இரத்தக்கட்டி. காலின் ஆழ்நாளத்தில் உறைந்த இரத்தம் பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் சில நிமிடங்களில் மரணம் வரலாம். அழகியல் சத்திரசிகிச்சைகளில் இந்த ஆபத்து மிகுந்தவற்றுள் வயிற்றுச் சீரமைப்பு ஒன்று. 2008 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அதைத் தனியாகச் செய்தவர்களில் 0.35 சதவீதத்தினருக்கும், வயிற்றினுள் வேறொரு சத்திரசிகிச்சையோடு சேர்த்துச் செய்தவர்களில் 2.17 சதவீதத்தினருக்கும் கட்டி ஏற்பட்டது. சுமார் 25,000 வயிற்றுச் சீரமைப்புகளைப் பரிசீலித்த 2015 ஆய்வில் பெருஞ்சிக்கல்கள் 4 சதவீதம். மற்ற அழகியல் சத்திரசிகிச்சைகளில் அது 1.4 சதவீதம். 'ஒரே மயக்கத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம்' என்பது கொழும்புக்கு இரண்டு முறை போகத் தயங்குபவருக்கு இனிப்பான யோசனை. ஆபத்துக் கூடுவதும் அங்கேதான்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது காலம். பிரித்தானியாவில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட நடுவயதுப் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2009 இல் வெளியானது. வைத்தியசாலையில் தங்கிச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு முதல் ஆறு வாரங்களில் இரத்தக்கட்டி ஆபத்து சுமார் 70 மடங்காக இருந்தது. உச்சம் தொட்டது மூன்றாவது வாரத்தில். பன்னிரண்டாம் வாரத்திலும் அது வழமைக்குத் திரும்பியிருக்கவில்லை. இதைத் திருகோணமலைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு நாள் வைத்தியசாலையில். ஏழெட்டு நாள் கொழும்பில் உறவினர் வீட்டில். வடிகுழாய் கழற்றியதும் ஊருக்கு. அதாவது, ஆறேழு மணி நேரம் காலை மடக்கி வாகனத்தில் உட்கார்ந்து வந்து சேர்வதும், ஆபத்து ஏறுமுகமாக இருக்கும் நாட்களும், சத்திரசிகிச்சை செய்தவர் கண்ணில் படாத நாட்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. கொழும்பில் நல்ல முறையில் முடிந்த ஒரு சத்திரசிகிச்சை பிழைத்துப்போக வாய்ப்புள்ள இடம் இதுவே.

தூரத்தின் விலையை உலகம் வேறிடத்திலும் கண்டிருக்கிறது. மலிவு கருதி டொமினிக்கன் குடியரசுக்கு அழகியல் சத்திரசிகிச்சைக்காகச் சென்ற அமெரிக்கர்களில் 2009 முதல் 2022 வரை 93 பேர் இறந்ததாக அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2024 இல் அறிவித்தது. விரிவாக ஆராயப்பட்ட மரணங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், கொழுப்போ இரத்தக்கட்டியோ நுரையீரலை அடைத்தது. கொழும்பை அதோடு ஒப்பிடுவது அநியாயம். சென்னைக்குப் போக எண்ணுபவர்கள் மட்டும் அந்த அறிக்கையின் சாரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தக் கோணத்தில் பார்த்தால், நிபுணர்களிடையே நுட்பத் தகராறாகத் தோன்றும் சில விடயங்கள் நோயாளியின் ஊர்க் கேள்வியாக மாறுகின்றன. தோலுக்கும் தசைக்கும் இடையில் நீர் சேர்வது இச்சத்திரசிகிச்சையின் மிகப் பொதுவான சிக்கல். அதற்காக வடிகுழாய் வைத்து, நாளொன்றுக்குச் சுமார் 30 மில்லிலீற்றருக்குக் கீழ் இறங்கும்வரை காத்திருப்பது பழைய வழி. 1990களின் கடைசியிலும் 2000 ஆண்டை ஒட்டியும் பிரேசில், அமெரிக்க நிபுணர்கள் தோலை உட்புறமாகத் தசையோடு பல இடங்களில் தைத்து அந்த வெற்றிடத்தையே மூடும் முறையைப் பரப்பினார்கள். சத்திரசிகிச்சை நேரம் அதனால் நீளும். குழாய் தேவைப்படாமலே போகலாம். எது சிறந்தது என்பதில் கருத்து இன்னும் ஒன்றுபடவில்லை. கொள்ளுப்பிட்டியில் வசிப்பவருக்கு அது வைத்தியரின் விருப்பம். சம்பூரில் வசிப்பவருக்கு, எத்தனை முறை போய்வர வேண்டும் என்பதை முடிவுசெய்யும் விடயம். அவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரத்தக்கட்டி ஆபத்தைப் புள்ளியிட்டு அளக்கும் கப்ரினி அட்டவணையில் தன் புள்ளி எத்தனை, இரத்தம் உறையாதிருக்க ஊசி தேவையா, தேவையென்றால் ஊரில் யார் போடுவார் என்பதும் அதே வகைக் கேள்விகள். பயணத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி நடப்பது, தண்ணீர் குடிப்பது, கணுக்காலை அசைத்துக்கொண்டே இருப்பது எல்லாம் சிறிய உதவிகள். நோயாளிகள் தம் விருப்பப்படி அஸ்பிரின் போட்டுக்கொள்வது உதவி அல்ல. காயத்தில் இரத்தம் கசியவிடும்.

மூன்று ஆட்சேபங்கள்

இது வசதி படைத்தவர்களின் ஆசை, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். இலங்கையில் 2016 ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய மூன்றில் ஒரு பிரசவம் சீசர். வயிற்றில் கத்தி பட்டுத் தேறும் அனுபவம் இம்மாவட்டத்தின் எல்லா வகுப்புப் பெண்களுக்கும் உரியது. மீன், கட்டு, நடை, இரத்தக்கட்டி பற்றிச் சொன்னவற்றில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும். அதோடு, தனியார் வைத்தியசாலையில் பணம் கட்டிச் செய்த சத்திரசிகிச்சையில் நள்ளிரவில் சிக்கல் வந்தால், ஏற்றுக்கொள்ளப்போவது கட்டணம் வாங்காத அரச சேவைதான். திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் விடுதி, யார் எதற்காகச் செய்தார்கள் என்று பார்த்து வாசலை மூடுவதில்லை. ஆகவே செலவு ஏற்கெனவே பொதுவானது. அதைக் குறைக்கும் அறிவும் பொதுவாக இருப்பதில் தவறில்லை.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. இங்கே காட்டிய எண்கள் நோர்வே, பிரித்தானியா, அமெரிக்கா, பிரேசில் பெண்களுடையவை. ஆசிய மக்களிடையே இரத்தக்கட்டி குறைவு என்ற கருத்து நெடுங்காலமாக உண்டு, அதற்கு ஆதாரமும் ஓரளவு உண்டு. ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது. உடற்பருமனும் நீரிழிவும் பெருகிவரும் நாட்டில் பழைய நிம்மதியை நம்பியிருக்கவும் முடியாது. எண்களை அப்படியே பெயர்க்காமல், எந்த வாரத்தில் எதைக் கவனிப்பது என்ற திசையை மட்டும் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

மூன்றாவது, கைத்தொலைபேசி இருக்கும்போது தூரம் ஒரு பிரச்சினையா என்பது. காயத்தின் படத்தை அனுப்பிக் கருத்துக் கேட்பது உண்மையிலேயே பயன் தரும். தையல் சிவந்திருப்பது படத்தில் தெரியும். கெண்டைக்கால் அழுத்தினால் நோகிறதா என்பது தெரியாது. மூச்சின் வேகமும் ஒட்சிசன் அளவும் தெரியாது. தொலைபேசி கைக்குத் துணைசெய்யலாம், கையின் வேலையைச் செய்யாது.

முடிவாகாதவை

இறுக்க உடுப்பு அணிவதா வேண்டாமா, எத்தனை நாள் என்பதற்கு உறுதியான விடை இல்லை. எந்தப் புள்ளிக்கு மேல் எல்லோருக்கும் உறைவுத்தடை ஊசி போடுவது என்பதில், இரத்தக்கசிவு அச்சத்தால் நிபுணர்கள் பிரிந்தே நிற்கிறார்கள். முதுகுவலிக்காக மட்டும் இதைச் செய்யலாமா என்பதற்கு ஒப்பீட்டுக் குழுவோடு கூடிய பெரிய ஆய்வுகள் வேண்டும். நீண்ட தரைவழிப் பயணத்துக்கு எத்தனை நாள் காத்திருப்பது என்பதற்குச் சொல்லப்படும் கணக்குகள் பெரும்பாலும் விமானப் பயணத்தை வைத்து எழுதப்பட்டவை. குருநாகல் வழி வரும் வானுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பது திறந்த கேள்வி. ஓய்வா நடையா என்ற விவாதம் மட்டும் ஏறத்தாழ முடிந்துவிட்டது என்று சொல்லலாம்: நடக்கலாம், தூக்கக்கூடாது.

திறந்திருக்கும் கேள்விகளுக்காக யாரும் காத்திருக்கப்போவதில்லை என்பதால், நடைமுறைத் தீர்ப்பு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சத்திரசிகிச்சை செய்பவரின் பெயர் இலங்கை மருத்துவச் சபைப் பதிவில் நிபுணராக இருக்கிறதா என்று பார்ப்பதோடு ஆயத்தம் முடிந்துவிடாது. ஊரில் தன்னைப் பார்க்கச் சம்மதித்த ஒரு வைத்தியர் இல்லாமல் நாள் குறிக்கக்கூடாது. என்ன செய்யப்பட்டது, என்ன மருந்து, எப்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதிய கடிதம் கையில் இல்லாமல் கொழும்பை விட்டுப் புறப்படக்கூடாது. அதைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை. கேட்காமலே கொடுப்பது நிபுணரின் கடமை. பிள்ளை பெற்றவர்களை வீடுதேடிப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர்களிடமும் இதை மறைக்க வேண்டாம். இரத்தக்கட்டியின் அறிகுறியை முதலில் இனங்காணக்கூடியவர்கள் அவர்களே.

ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், திடீரென மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், அது மூன்றாவது வாரமானாலும் எட்டாவது வாரமானாலும், ஒத்தணம் வைத்து விடியும்வரை பார்க்க வேண்டாம்; கொழும்பு வைத்தியரின் பதிலுக்கும் காத்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து அன்றிரவே வைத்தியசாலைக்குப் போங்கள். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்ததை வாசலிலேயே சொல்லுங்கள்.